அட்டா ஆற்றங்கரைச் சரளைப் பாதை: எங்கே மிதிக்கலாம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும்

வட இத்தாலியின் லொம்பார்தியில், லெக்கோவிலிருந்து திரெட்சோ வரை அட்டா ஆற்றின் கரையோடே போகும் சைக்கிள் பாதை சுமார் 40 கி.மீ. மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் அதன் தலைமாட்டுக்குப் போய்விடலாம். கிராவல் எனப்படும் சரளைப் பாதைச் சைக்கிளுக்குப் புதியவர்களிடம் சமதளம், நிழல், கார் வராது, குழந்தையோடும் போகலாம் என்று சொல்லித்தான் இங்கே அனுப்புவார்கள். பாதையின் பத்தில் ஒன்பது பங்குக்கு அது சரியான பேச்சு. பதேர்னோ பாலத்தின் அடியில் தொடங்கிப் போர்த்தோ தட்டா வரை வரும் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மட்டும் அது செல்லாது. அங்கே ஆறு பாறை இடுக்கில் விழுந்து இறங்குகிறது; பாதையும் உருளைக்கல் பாவிய சரிவுகளாகக் கூடவே இறங்குகிறது. தெரியாமல் வந்தால் கை வலியும் பஞ்சருமாக முடியும். தெரிந்து, ஒரு மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி வைத்து வந்தால், முழுப் பாதையிலும் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நம் பரிந்துரை: தாராளமாகப் போகலாம், ஆனால் வடக்கிலிருந்து தெற்காக, 38 மி.மீ.க்குக் குறையாத டயரோடு.

பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்பதற்கு அதன் பெயரே விடை. உள்ளூரில் இதை ‘அல்சாயியா’ என்கிறார்கள். நீரோட்டத்துக்கு எதிராகப் படகை இழுக்கும் வடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு, வடம் பூட்டிய குதிரைகள் நடந்த கரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. சுமைப் படகை இழுக்கிற குதிரைக்கு ஏற்ற இறக்கம் ஆகாது. ஆகவே கரையைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே, ஒரே சீராக வெட்டி வைத்தார்கள். ஆறு எங்கே மெதுவாகப் போகிறதோ அங்கே பாதையும் மெதுவாகப் போகும். ஆறு எங்கே குதிக்கிறதோ அங்கேதான் நமக்கும் சிக்கல்.

திசை முக்கியம். லெக்கோ ஏரியின் (கோமோ ஏரியின் தென்கிழக்குக் கிளை) நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 198 மீட்டர். மிலான் நகரம் ஏறக்குறைய 120 மீட்டர். எனவே வடக்கே தொடங்கினால் நாள் முழுக்க மெல்லிய இறக்கம். அதைவிட, பதேர்னோவின் கல் சரிவுகளை இறங்கிக் கடப்பதற்கும் 15 கிலோ சைக்கிளை மேலே தள்ளிக் கடப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வழி தவறவும் வாய்ப்பு குறைவு: ஆற்றின் வலது கரையிலேயே போகிறோம், தண்ணீர் எப்போதும் நம் இடது கைப்பக்கம் இருக்கும். அது வலது பக்கம் மாறினால் ஏதோ ஒரு பாலத்தைத் தேவையில்லாமல் கடந்துவிட்டோம் என்று பொருள்.

லெக்கோ முதல் பிரீவியோ வரை

லெக்கோ நிலையத்திலிருந்து பழைய கல் பாலத்துக்குப் போக வேண்டும். மிலானை ஆண்ட அட்சோனே விஸ்கோந்தி 1336க்கும் 1338க்கும் இடையில் கட்டியது. ஊர்க்காரர்களுக்கு வெறும் ‘பழைய பாலம்’. அதைக் கடந்ததும் இடது பக்கம் திரும்பினால் பெஸ்காதே, கார்லாதே வழியாக ஏரிக்கரைப் பாதை. இந்த எட்டு ஒன்பது கிலோமீட்டரும் பெரும்பாலும் தார் அல்லது கான்கிரீட் தளம். மலை நிழல் ஏரியில் விழும் காலை வேளையில் பார்க்க நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் குழந்தை வண்டிகளும், நீளக் கயிற்றில் நாய்களும், ஓட்டப் பயிற்சிக்காரர்களும் நிறைந்துவிடுவார்கள். வேகத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இந்தத் துண்டை விட்டுவிடலாம்: மிலான்–லெக்கோ ரயிலில் லெக்கோவுக்கு முன்பே கலோல்சியோகோர்தே–ஒல்ஜினாதே நிலையத்தில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஒல்ஜினாதே வந்துவிடும். கார்லாதேயில் பட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பட்டு ஆலைத் தொழிலில் ஆர்வமுள்ளவர்கள் அதற்காகவே லெக்கோவில் தொடங்கலாம்.

ஒல்ஜினாதேயில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை. சின்னதாகத் தெரிந்தாலும் கோமோ ஏரி முழுவதன் நீர்மட்டமும் இதன் மதகுகளின் பிடியில் இருக்கிறது. சைக்கிள்காரருக்கு இது வெறும் காட்சிப் பொருள் அல்ல. பனி உருகும் மே, ஜூனிலும், மழை கொட்டும் அக்டோபர், நவம்பரிலும் ஏரி நிரம்பி மதகுகள் திறந்திருந்தால், கீழே பாதையின் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறும். முழங்கால் அளவு தண்ணீரில் சரளையின் விளிம்பு எங்கே, ஆறு எங்கே என்று தெரியாது. பல நாள் மழைக்குப் பிறகு இங்கே மதகுகள் வழியாகத் தண்ணீர் பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தால், அன்றைக்கு ஆற்றோரத்தை விட்டுவிட்டு ரயில் ஏறுவதே சரி.

சரளை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தூளாக்கிய வெளிர் நிறக் கல்லைத் தண்ணீர் தெளித்து உருளையால் அழுத்திய தளம், இரண்டு மூன்று மீட்டர் அகலம். காய்ந்திருந்தால் தாருக்கு அடுத்தபடி இதுதான் சுகம். சாதாரண நகர சைக்கிளே தாராளமாகப் போகும். நனைந்தால் சுண்ணாம்புக் குழம்புபோல் டயரில் ஏறி, பிரேக் கட்டைக்கும் விளிம்புக்கும் இடையில் அரம்போல் அராவும். டிஸ்க் பிரேக் என்றால் கவலை குறைவு. விளிம்பு பிரேக் என்றால், மழை விட்டபின் போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி விளிம்பைக் கழுவிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். சக்கரத்தின் அலுமினிய விளிம்பு தேய்வதைக் காட்டிலும் தண்ணீர் மலிவு.

ஒல்ஜினாதேயிலிருந்து பிரீவியோ வரை ஏறக்குறைய பத்து கி.மீ. நாணல் காடு, தேங்கிய நீர்க்கால்கள், சாம்பல் நாரை, நீர்க்காகம், அன்னம். இந்தப் பகுதி முதல், திரெட்சோவுக்குக் கீழே உள்ள கஸ்ஸானோவையும் தாண்டி, ஆற்றின் இருகரையும் 1983இல் அமைத்த வடக்கு அட்டா இயற்கைப் பூங்காவுக்குள் வருகிறது. இந்தத் துண்டில் நிழல் விட்டுவிட்டுத்தான் வரும்; ஜூலை மதியத்தில் தலை காயும். பிரீவியோவில் ஆற்றோரத்திலேயே பழைய கோட்டை, பக்கத்தில் மூன்று வில்களில் நிற்கும் 1917ஆம் ஆண்டுக் கான்கிரீட் பாலம். காப்பிக் கடையும் தண்ணீரும் கிடைக்கும். இங்கே போத்தல்களை நிரப்பிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர். திரெட்சோ வரை கரையிலேயே குடிநீர்க் குழாய் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குழாயைக் கண்டாலும் மேலே உள்ள பலகையைப் பாருங்கள்: ‘போதாபிலே’ என்றால் குடிக்கலாம், முன்னால் ‘நோன்’ இருந்தால் கூடாது.

இம்பெர்சாகோ படகு, பதேர்னோ பாலம்

பிரீவியோவுக்குக் கீழே மரங்கள் நெருங்கிவிடும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது பிரீவியோ–இம்பெர்சாகோ துண்டு. ஐந்தாறு கி.மீ., மட்டமான மண்ணும் சரளையும், பக்கத்திலேயே பச்சைத் தண்ணீர். ஓர் எச்சரிக்கை உண்டு: பல இடங்களில் ஆற்றுக்கும் பாதைக்கும் நடுவே கைப்பிடி வேலி இல்லை. பயிற்சிச் சக்கரத்தை அண்மையில்தான் கழற்றிய பிள்ளையை ஆற்றுப் பக்கமாக விடாமல், பெரியவர் இடது புறம் ஓட்ட வேண்டும்.

இம்பெர்சாகோவில் எந்திரமே இல்லாத படகுத்துறை இருக்கிறது. இரண்டு படகுகளை இணையாக வைத்து மேலே பலகைத் தளம் போட்டிருப்பார்கள். கரையிலிருந்து கரைக்கு எஃகு வடம். படகோட்டி படகின் மூக்கை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பி வைப்பார். தள்ளும் தண்ணீரை வடம் தடுக்க, படகுக்குப் பக்கவாட்டில் நகர்வதைத் தவிர வேறு வழியில்லை; சத்தமில்லாமல் மறுகரை வில்லா தட்டாவுக்குப் போய்ச் சேரும். லியொனார்தோ தா வின்சி 1513 வாக்கில் இந்தப் பகுதியில் தங்கியிருந்தபோது இதே மாதிரியான படகை வரைந்து வைத்திருக்கிறார்; அதனால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆற்றில் நீர் மிகக் குறைந்தாலும் மிக ஏறினாலும் படகு ஓடாது. மாதக்கணக்கில் நின்றுபோன காலங்களும் உண்டு. எனவே பயணத் திட்டத்தை இதன்மேல் கட்டாதீர்கள். ஓடினால் சைக்கிளோடு ஒருமுறை போய் வாருங்கள், ஓடாவிட்டால் துறையில் நின்று அந்த வடத்தையும் இணைப்படகையும் பார்ப்பதே போதும்.

அங்கிருந்து ரொப்பியாதே அணை வழியாகப் பதேர்னோ ஐந்தாறு கி.மீ. பள்ளத்தாக்கு இறுகுவது கண்ணுக்கே தெரியும். கடைசியில் ஒரு வளைவு திரும்பியதும் தலைக்கு மேலே சான் மிக்கேலே பாலம் நிற்கும்; முதலில் சொன்ன பதேர்னோ பாலம் இதுதான். 1887இல் தொடங்கி 1889இல் முடித்தது. ஒரே இரும்பு வில், 150 மீட்டர் அகலத்தை ஒரே தாவில் தாண்டுகிறது. தண்ணீரிலிருந்து 80 மீட்டருக்கும் மேல் உயரம். மொத்த நீளம் 266 மீட்டர். வரைந்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜூல் ரோத்லிஸ்பெர்கர். கீழ்த்தட்டில் ரயில், மேல்தட்டில் சாலை. உலோகத் தேய்மானம் கண்டு 2018 செப்டம்பரில் முழுவதுமாக மூடினார்கள். அடுத்த வசந்தத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும், 2019 இறுதியில் கார்களுக்கும், 2020இல் ரயிலுக்கும் திறந்தார்கள். பாலத்தை மேலே ஏறிப் பார்ப்பதைவிட அடியிலிருந்து பார்ப்பதுதான் அழகு. ஆணியால் தைத்த இரும்புச் சட்டங்களின் பின்னல் முழுவதும் அங்கிருந்துதான் புலப்படும்.

சிக்கலான துண்டு

பாலத்தின் அடியில் நின்று முடிவெடுக்க வேண்டும். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, வந்த வழியே திரும்புவது. சிறு பிள்ளைகள், பின்னால் இழுவை வண்டி, 25 கிலோ மின்சார சைக்கிள், மழை பெய்த தரை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட இதுவே நல்லது. ஒல்ஜினாதே–பதேர்னோ போய் வர 40 கி.மீ. சுமார், அதுவே ஒரு நல்ல நாள்.

இரண்டு, மேலே ஏறிப் பதேர்னோ–ரொப்பியாதே ரயில் நிலையத்துக்குப் போவது. பாலத்தின் உயரம் அளவுக்கு ஏற வேண்டும், வழி செங்குத்து, கல் பாவியது. முன் சக்கரம் தூக்கும். பெரும்பாலோர் தள்ளிக்கொண்டுதான் ஏறுவார்கள். மேலே போய்விட்டால் மிலானுக்கும் பெர்கமோவுக்கும் ரயில் உண்டு. பள்ளத்தாக்கைத் தவிர்த்துக் கொர்னாதே வழியாகச் சாலையில் திரெட்சோ போக நினைப்பவர்களுக்கும் இதுதான் ஏறும் இடம். ஆனால் அந்தச் சாலை கார்கள் ஓடும் சாலை, அழகு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, நேராகப் போவது. இந்தப் பாதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கோமோ ஏரியிலிருந்து மிலானுக்குப் படகு விட எல்லா வசதியும் இருந்தும், இந்தப் பாறைக் கொந்தளிப்பு ஒன்றே தடையாக நின்றது. பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவாவின் ஆட்சியில் 1520 வாக்கில் பக்கவாட்டில் கால்வாய் வெட்டத் தொடங்கிக் கைவிட்டார்கள். இரண்டரை நூற்றாண்டு கழித்து, ஆஸ்திரிய ஆட்சியில், 1777இல்தான் அது திறந்தது. பதேர்னோ கால்வாய் என்று பெயர். நீளம் 2.6 கி.மீ. மட்டுமே, அதற்குள் 27 மீட்டருக்கு மேல் இறக்கம். படகை அப்படியே விட்டால் நொறுங்கிவிடும். ஆகவே ஆறு இடங்களில் ‘கோன்கா’ கட்டினார்கள்: முன்னும் பின்னும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் மேல் கதவை மூடி, தண்ணீரை வடித்து, கீழ் மட்டத்துக்கு வந்ததும் கீழ்க் கதவைத் திறப்பார்கள். இப்போது படகும் இல்லை, கதவுகளுக்கும் வேலை இல்லை. பாசி படிந்த உயரமான கல் சுவர்கள் நிற்கின்றன.

சைக்கிளுக்குச் சிக்கல் இந்தத் தொட்டிகளின் பக்கத்தில்தான். தொட்டிக்குள் படகு பல மீட்டர் ஒரே தாவில் இறங்கும் இடத்தில், கரையில் நடந்த குதிரையும் அதே உயரத்தைச் சிறு தூரத்தில் இறங்க வேண்டியிருந்தது. குதிரைக் குளம்பு வழுக்காமலிருக்க ஆற்று உருளைக்கற்களை நெட்டுக்குத்தாக நட்டு வைத்தார்கள். குளம்புக்கு நல்ல பிடி, டயருக்குக் கேடு. ஒவ்வொரு கல்லும் முட்டை முதுகு மாதிரி உருண்டை, நடுவில் பள்ளம். காற்று இறுக்கமாக இருந்தால் சக்கரம் கல்லுக்குக் கல் எம்பும், பிரேக் பிடிக்கத் தரை கிடைக்காது. காற்று குறைவாக இருந்தால் கல் விளிம்பு டயரைச் சக்கரம் வரை நசுக்கி, டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். ஈரமும் இலைச்சருகும் சேர்ந்தால் நடந்து இறங்கவே கவனம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் இறங்கிவிடுங்கள். சைக்கிளை வலப்பக்கம், மலையோரமாக வைத்துக்கொண்டு, பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்தபடி நடந்து இறங்கலாம். தொட்டிகளுக்கு இடைப்பட்ட நீண்ட துண்டுகளில் மறுபடி ஏறி ஓட்டலாம். பெடலில் பூட்டும் கட்டை அடியில் துருத்தும் சாலை சைக்கிள் காலணி இந்தக் கற்களில் நிற்காது. மலை சைக்கிளுக்கான ரப்பர் அடி வேண்டும்.

மெதுவாக நடப்பதால்தான் இந்த இடம் கண்ணில் படுகிறது. ஒரு பக்கம் பாறைகளில் மோதி ஆறு நுரைக்கும் சத்தம், மறுபக்கம் அசையாத கால்வாய்த் தண்ணீர், நடுவில் நாம். பாறை எல்லாம் ‘சேப்போ’ என்கிற கூழாங்கல் ஒட்டுப்பாறை. ஆற்றுக் கற்கள் இயற்கைச் சுண்ணாம்பில் இறுகி மலையானது. மிலானின் பழைய கட்டடங்களிலும் இந்தக் கல்லைப் பார்க்கலாம். ஆற்றுக்குள் நிமிர்ந்து நிற்கும் மூன்று கற்கொம்புகளைக் காட்டி, லியொனார்தோவின் பாறைக்குகை மாதா ஓவியத்தின் பின்னணிக்கு இதுதான் தூண்டுதல் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும். மேலே ஒரு பாறை முனையில் ரொக்கெத்தா மாதா கோயில். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படிகளில் ஏற வேண்டும், சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் போங்கள். இழுவைக் குதிரைகளைக் கட்டிய லாயம் ‘ஸ்தல்லாட்சோ’ இப்போது இளைப்பாறும் இடம். திறந்திருந்தால் உட்காருங்கள், அதை நம்பிச் சாப்பாடு கொண்டுவராமல் இருக்காதீர்கள்.

இங்கே ஆற்றில் இறங்குவது கண்டிப்பாகக் கூடாது. வெயில் காலத்தில் ஆறு சின்ன ஓடையாகத் தெரியும், பாறைகள் உட்கார அழைக்கும். மேலே தடுத்து வைத்த தண்ணீரை மின் நிலையங்களின் தேவைக்கேற்ப எந்த நேரமும் திறந்துவிடலாம். வானம் வெளுத்திருக்கும்போதே மட்டம் சட்டென்று ஏறும். கரையில் இருக்கும் எச்சரிக்கைப் பலகைகள் சொல்வது அதைத்தான். மலைச்சரிவில் கல் விழுவதால் இந்தத் துண்டைச் சில வேளை நகராட்சி மூடிவைக்கும். தடுப்பு போட்டிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். கீழே ஏதாவது ஆகிவிட்டால் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வழி மிகக் குறைவு. அவசர எண் 112.

சரிவுகள் முடியும் இடத்தில் இரண்டு நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பெர்தீனி 1898இல் ஓடத் தொடங்கியது. இங்கிருந்து முப்பது கி.மீ.க்கும் மேல் கம்பி இழுத்து மிலானின் டிராம்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவே திரும்பிப் பார்த்த வேலை. எஸ்தெர்லே 1914ஆம் ஆண்டினது. பெரிய சன்னல்களும் அலங்கார முகப்புமாக அரண்மனை போல் இருக்கும். படகைத் தடுத்த அதே வீழ்ச்சிதான் நூறாண்டு கழித்து மின்சாரமாகியிருக்கிறது என்பதை, ஆறு தொட்டிகளையும் நடந்து இறங்கி வந்த கால்கள் நன்றாகவே உணரும்.

திரெட்சோவும் அதற்குப் பிறகும்

எஸ்தெர்லேயிலிருந்து பாதை மறுபடி சாது. காட்டு நிழலில் சரளையும் மண்ணும், ஏழெட்டு கி.மீ., மேலே திரெட்சோ. ஆறு குதிரை லாடம் மாதிரி வளையும் இடத்தில் மிலானை ஆண்ட பெர்னபோ விஸ்கோந்தியின் கோட்டை இடிபாடு. அவர் 1370களில் இங்கே கட்டிய கல் பாலம் ஒரே வில்லில் 72 மீட்டர் தாண்டியது. 1416இல் போரில் இடித்துவிட்டார்கள், கரையில் அதன் அடிப்பகுதி மட்டும் மிச்சம். கோட்டையின் காலடியில் 1906இல் கட்டிய தக்கானி மின் நிலையம். கயெத்தானோ மொரெத்தி வடிவமைத்தது. கோட்டையோடு ஒட்டிப்போகும்படி அதே சேப்போ கல்லால் முகப்பு வைத்தார்கள். வழியில் உள்ள மின் நிலையங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள்.

திரெட்சோவில் ரயில் நிலையம் கிடையாது. திட்டமிடுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 40 கி.மீ. முடிந்தது என்று நின்றால் பேருந்துதான். அதில் சைக்கிளை ஏற்றுவது நிச்சயமில்லை. இன்னும் சுமார் 12 கி.மீ. கீழே கஸ்ஸானோ தட்டாவில் மிலான் ரயில் கிடைக்கும். அந்தப் பன்னிரண்டும் சுமையே இல்லை. கோட்டைக்குக் கீழே கொன்சேசாவில் மார்த்தெசானா கால்வாய் அட்டாவிலிருந்து பிரிகிறது. 1457இல் மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்ட்சா வெட்ட உத்தரவிட்டது, 38 கி.மீ. ஓடி மிலானுக்குள் போகிறது. வாய்க்கால் ஒரு கை, ஆறு மறு கையாக வாப்ரியோ வழியே மட்டமான பாதை. மறுகரையில் கிரெஸ்பி தட்டா: 1878இல் ஒரு பஞ்சாலை முதலாளி தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர், 1995இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரே மாதிரி வீடுகள், தோட்டம், பள்ளி, கோயில், கல்லறை வரை எல்லாம் முதலாளி போட்ட திட்டப்படி. போய்வர ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். லெக்கோவில் தாமதமாகத் தொடங்கியவர்கள் இதை வேறொரு நாளைக்கு விடலாம்.

சைக்கிளும் காற்றும்

விளிம்பு பிரேக்கோ டிஸ்கோ, டயர் 38 முதல் 45 மி.மீ. வரை. 70–75 கிலோ உள்ளவர் 40 மி.மீ. டயரை டியூப் இல்லாமல் ஓட்டினால் காற்றழுத்தம் முன்னால் 2.0, பின்னால் 2.2 பார் போதும். டியூப் இருந்தால் 2.7 வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பதேர்னோ கற்களில் பாம்புக்கடி நிச்சயம். 32 மி.மீ. டயரில் பிரீவியோ, இம்பெர்சாகோ வரை பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே கை மரத்துப்போகும். முன்னால் 40 பல், பின்னால் 42 வரை போகும் பல்சக்கரம் இருந்தால் கரையிலிருந்து ஊருக்கு ஏறும் குத்துச் சரிவுகளுக்குப் போதும்.

பஞ்சருக்குப் பெரிய காரணம் கல் அல்ல, முள். கரையெங்கும் ரொபீனியா மரம். மே மாதம் வெள்ளைப் பூவாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கி மணக்கும், கிளையில் கெட்டியான முள். கரையோரச் செடிகளை வெட்டிவிட்ட மறுநாள் முள் துண்டுகள் சரளையில் கலந்து கிடக்கும். டியூப் இல்லாத டயரில் பசைத்திரவம் 40–50 மி.லி. விட்டிருந்தால் தானே அடைத்துக்கொள்ளும். டியூப் ஓட்டுகிறவர்கள் இரண்டு உபரி டியூப் கொண்டுபோக வேண்டும். மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் முழுச்சுற்று தடவிப் பாருங்கள், முள்ளின் நுனி அங்கேயே தங்கியிருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் உபரி டியூப், காற்றடிப்பான், நெம்புகோல் மூன்றும் பையில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். மணி கட்டாயம். இருட்டினால் விளக்கும், ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கியும் சட்டப்படி வேண்டும்.

பருவம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கமும் கொசுவும். நவம்பரில் மூடுபனி, கூடவே கல்மேல் சருகு.

சாப்பாட்டில் நேரம்தான் எதிரி. உணவகச் சமையலறைகள் பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் மூடிவிடும், மறுபடி இரவு ஏழுக்குத்தான். பதேர்னோவைக் கடந்து திரெட்சோ போகும்போது மூன்று மணியாகிவிட்டால் காப்பிக் கடை ரொட்டிதான் கிடைக்கும். லெக்கோவில் எட்டரைக்குக் கிளம்புகிறவர் பன்னிரண்டரைக்கு இம்பெர்சாகோவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவது நல்லது. சைவர்களுக்குப் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களியும் பாலாடைக்கட்டியும், பக்வீட் என்கிற தானிய மாவில் செய்த பட்டை நூடுல்ஸில் உருளையும் கோசும் சேர்த்த பிட்சோக்கெரியும் உண்டு. ரிசோத்தோ என்கிற குழைந்த அரிசிச் சோற்றை நம்பிவிடாதீர்கள்; காளானோ பூசணியோ போட்டிருந்தாலும் வேகவைத்த சாறு இறைச்சியுடையதாக இருக்கலாம். ‘ப்ரோதோ வெஜெத்தாலே?’ (காய்கறிச் சாறா?) என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

ரயிலுக்கு: மிலான் போர்த்தா கரிபால்தியிலிருந்து எஸ்8 வண்டி லெக்கோவுக்கு அரை மணிக்கு ஒன்று. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு. காகிதச் சீட்டானால் ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை. சைக்கிள் படம் போட்ட பெட்டியைத் தேடி நில்லுங்கள். ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை திரும்பும் வண்டிகளில் இடம் நிறைந்து, கதவருகிலேயே நிற்க நேரும். நாலரைக்குள் ஏறிவிடுவது மேல். கால் தெம்பாக இருந்தால் கஸ்ஸானோவில் ரயிலை விட்டுவிட்டு மார்த்தெசானாவோடே மிலான் வரை போகலாம், இன்னும் முப்பது கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, தார் தளம். வழியில் சோர்ந்தால் கொர்கொன்சோலாவில் பச்சைத் தட மெட்ரோ. சனி ஞாயிறில் சைக்கிளோடு ஏறலாம், வார நாளின் நெரிசல் வேளையில் விடமாட்டார்கள். கடைசியில் கஸ்ஸீனா தெ பொம் என்ற இடத்தில் வாய்க்கால் சாலைக்கு அடியில் போய் மறைந்துவிடும். அதே சாலையில் நேராகத் தெற்கே போனால் மத்திய ரயில் நிலையம் இரண்டு கி.மீ.க்குள்.